நள்ளிரவில் போட்ட நாலாவது மாத்திரை: மூலிகை மலமிளக்கி அனுபவங்கள்

பயணப்பை

வெட்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதுகிறேன். வேலை விஷயமாக ஒரு வாரம் வெளியூர் போயிருந்தேன். நேரத்துக்குச் சாப்பாடு இல்லை. பேருந்தில் போகும்போது வழியில் எங்கே இறங்குவது என்ற பயத்தில் தண்ணீரும் குடிக்கவில்லை. நாலாவது நாள் வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. உடன் வந்தவர் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். "மூலிகைதான், ஒண்ணும் பண்ணாது" என்றார். ஒன்றும் பண்ணாததை எதற்குச் சாப்பிட வேண்டும் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு ஒன்று போட்டேன். பதினொன்று வரைக்கும் வயிற்றில் ஓர் அசைவும் இல்லை. சரி, நம் உடம்புக்கு ஒன்று போதாது போலிருக்கிறது என்று இன்னொன்று. பன்னிரண்டரைக்குப் பொறுமை போய் மேலும் இரண்டு. அப்புறம் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

விடியற்காலை நாலே முக்காலுக்கு எழுப்பியது மருந்துதான், அலாரம் இல்லை. தொப்புளுக்குக் கீழே யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது மாதிரி ஒரு வலி. கழிவறையில் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, நெற்றியிலிருந்து வியர்வை முழங்காலில் சொட்டுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. முடிந்தது என்று எழுந்து கதவுவரை வருவேன், திரும்ப ஓடுவேன். எட்டரை மணிக் கூட்டத்துக்குப் போனேன். ஆனால் கதவருகே இருக்கும் நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் வெளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஐயோ, மறுபடியும் சிக்கல் என்று இரண்டு மாத்திரை. மறுபடி பேதி, மறுபடி இரண்டு நாள் வறட்சி, மறுபடி மாத்திரை. இப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது. கடைசியில் மருத்துவரிடம் போனால் அவர் சிரிக்காமல் கேட்டார்: "பெருங்குடலை மொத்தமாகக் காலி பண்ணிட்டீங்க. அது திரும்ப நிரம்ப வேண்டாமா?" அந்த ஒரு கேள்வி எனக்கு உறைக்க மூன்று வாரமும் இரண்டு அட்டை மாத்திரையும் ஆகியிருக்கிறது.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

---

மருந்துக்கடைக்காரன்

நண்பரே, பதினெட்டு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். உங்கள் கதையை வாரத்துக்கு ஒருவராவது தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். அந்த மருந்துக்கென்று ஒரு கடிகாரம் உண்டு, அது நம் அவசரத்துக்கு ஓடாது.

நீங்கள் போட்டது பெரும்பாலும் நிலவாகையாக இருக்கும். நிலாவாரை என்றும் சொல்வார்கள், அட்டையில் சென்னா என்று இருக்கும். அதிலுள்ள சென்னோசைடு இரைப்பையில் ஒன்றும் செய்யாது, சிறுகுடலிலும் செய்யாது. அப்படியே கீழே இறங்கிப் பெருங்குடலுக்குப் போய், அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்த பிறகுதான் மருந்தாகிறது. குடலை அசைத்துத் தள்ளவும் வைக்கும், மலத்திலுள்ள நீரைக் குடல் திரும்ப உறிஞ்சாமலும் தடுக்கும். இதற்கெல்லாம் 6 முதல் 12 மணி நேரம் ஆகும். இரவில் படுக்கும்போது போட்டால் காலையில் வேலை செய்யும் என்பது அந்தக் கணக்குதான். நீங்கள் பதினொன்றுக்கும் பன்னிரண்டரைக்கும் போட்டபோது முதல் மாத்திரை பெருங்குடலையே எட்டிப் பார்த்திருக்காது. நாலும் சேர்ந்து வரிசையாகப் போய் ஒன்றாக வேலையைத் தொடங்கியிருக்கின்றன.

இன்னொன்று, மாத்திரையை எண்ணாதீர்கள், மில்லிகிராமைப் பாருங்கள். ஒரு மாத்திரையில் 7.5 மி.கி. சென்னோசைடு இருக்கலாம், 8.6 இருக்கலாம், அதைவிடக் கூடவும் இருக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்பது ஐரோப்பிய மருந்து முகமையின் வரம்பு. நான் கேட்பவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்கச் சொல்வேன். வாரத்தில் இரண்டு மூன்று முறை போட்டாலே பெரும்பாலும் போதும். ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் அது இனி என் வேலை இல்லை, மருத்துவரின் வேலை.

பொடியாக வாங்குபவர்களிடம்தான் எனக்குப் பயம். ஒரு கரண்டியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கரண்டியும் வீட்டுக்கு வீடு மாறும்.

---

மூத்தமகள்

"மூலிகைதானே" என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது. அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. இதயக் கோளாறுக்காக ஃபுரோசிமைடு, டிகாக்சின் இரண்டும் சாப்பிட்டு வந்தார். தினமும் வயிறு சுத்தமாக வேண்டும் என்பது அவருக்கு ஒரு பிடிவாதம். ஒரு நாள் தவறினாலும் முகம் வாடிவிடும். அதனால் யாருக்கும் சொல்லாமல் தினமும் இரவு ஒரு மூலிகைப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடித்திருக்கிறார். மருத்துவர் "வேறு என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டபோதெல்லாம் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லியிருக்கிறார். பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது மருந்தே இல்லை.

முதலில் கெண்டைக்கால் பிடிப்பு. அப்புறம் மாடிப்படி ஏற முடியாத தளர்ச்சி. ஒரு நாள் காலையில் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றார், அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் பொட்டாசியம் 2.8. குறைந்தது 3.5 இருக்க வேண்டுமாம். ஃபுரோசிமைடு சிறுநீர் வழியாகப் பொட்டாசியத்தை வெளியேற்றும், பேதியும் தன் பங்குக்கு வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் இதயத்தில் நஞ்சு மாதிரி வேலை செய்யத் தொடங்கும். அங்கே இருந்த இளம் மருத்துவர் ஒரு தாளில் மூன்று அம்புக்குறி போட்டு இதைக் காட்டினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்பா தேறி வந்துவிட்டார். பொடி டப்பாவை நானே குப்பையில் போட்டேன். அவர் முறைத்தார்.

---

இரவுப்பணி

என்னுடையது சின்னக் கதை. நிலவாகை மாத்திரை போட்ட மறுநாள் சிறுநீர் செம்பழுப்பாகப் போனது. ரத்தம் என்று நினைத்து, மனைவியிடம் உயில் பற்றியெல்லாம் பேசிவிட்டேன். மருந்துத் தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது: சிறுநீரின் நிறம் மாறலாம், தீங்கில்லை, நிறுத்தினால் சரியாகிவிடும் என்று. நிறுத்தியும் நிறம் மாறாமல் இருந்தால்தான் பரிசோதனை. அந்த வரியைக் கொஞ்சம் பெரிதாகப் போடக் கூடாதா?

---

தேநீர்ப்பைத்தியம்

"உடல் மெலிய மூலிகைத் தேநீர்" குடித்தவர்கள் இங்கே யாராவது? நான் இரண்டு வருடம் குடித்தேன். உறையின் பின்னால் ஆறாவது பொருளாக நிலவாகை இலை இருந்ததை இரண்டு வருடம் கழித்துத்தான் படித்தேன். காலையில் எடை பார்த்தால் ஒரு கிலோ குறைந்திருக்கும். மாலைக்குள் திரும்ப வந்துவிடும். போனது தண்ணீர்தான். சத்தையெல்லாம் சிறுகுடல் உறிஞ்சி முடித்த பிறகுதான் இந்த இலை பெருங்குடலில் வேலையையே தொடங்குகிறது, அப்புறம் கொழுப்பு எங்கிருந்து குறையும்?

வேறு காரணத்துக்காகக் கொலோனாஸ்கோபி எடுத்தபோது குடலின் உட்சுவரில் பழுப்புப் படிவு இருந்தது. திரையில் பார்த்தால் சிறுத்தைத் தோல் மாதிரி. மெலனோசிஸ் கோலி என்றார்கள். இந்த வகை மலமிளக்கிகளை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு வருவதாம். ஆபத்தானதில்லை, நிறுத்தினால் சில மாதங்களில் மங்கிவிடும் என்றார்கள். மங்கட்டும்.

---

புதுவரவு

எனக்கு ஐந்தாவது மாதம். இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியதிலிருந்து வெளிக்குப் போவது பெரும்பாடாக இருக்கிறது. நிலவாகைக்குப் பதில் கற்றாழை மாத்திரை எடுக்கலாமா? அதுவும் மூலிகைதானே (மூத்தமகள் அக்கா மன்னிக்கவும்).

---

மருந்துக்கடைக்காரன்

அம்மா, கற்றாழை வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் வழுவழுப்பான சோறு வேறு, தோலுக்கடியில் கசியும் மஞ்சள் பால் வேறு. பேதியாக்குவது அந்தப் பால்தான், அதைக் காய்ச்சி இறுக்கினால் கரியபோளம். 2002-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், சீட்டில்லாமல் விற்கும் மலமிளக்கிகளில் கற்றாழை இருக்கக் கூடாது என்று நிறுத்தியது. பாதுகாப்பானது என்று காட்டத் தேவையான தரவை உற்பத்தியாளர்கள் கொடுக்கவில்லை என்பதுதான் காரணம்.

உங்களுக்குக் காரணம் கையிலேயே இருக்கிறது, இரும்பு மாத்திரை. நீங்களாக அதை நிறுத்தாதீர்கள். உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள், வேறு வகை இரும்போ வேறு அளவோ மாற்றித் தருவார். கர்ப்ப காலத்தில் எந்த மலமிளக்கியும் அவரைக் கேட்ட பிறகுதான். இசப்கோல் உமியாக இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பொதுவாகச் சொல்கிறேன்: மலச்சிக்கலோடு கடும் வயிற்றுவலி, வாந்தி, காற்றும் பிரியாமல் வயிறு உப்புவது என்று இருந்தால் எந்தப் பேதி மருந்தையும் தொடாதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். குடல் அடைத்திருந்தால், உள்ளிருந்து தள்ளச் சொல்லும் மருந்து எவ்வளவு கெடுதல் என்று யோசித்துப் பாருங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ஐம்பதைத் தாண்டிய பிறகு திடீரென்று பழக்கம் மாறுவது, இவற்றையும் மாத்திரை போட்டு மூடி மறைக்கக் கூடாது.

---

இரவுப்பணி

இசப்கோல் என்றதும் நினைவு வருகிறது. உமியை வாயில் கொட்டி இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். தொண்டைக்குழியில் பஞ்சு மாதிரி ஊதி நின்றுவிட்டது. ஒரு நிமிடம் பேச்சும் வரவில்லை, மூச்சும் சரியாக வரவில்லை. இப்போதெல்லாம் ஒரு முழு டம்ளர் நீரில் கலக்கி, கெட்டியாவதற்குள் குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர். படுக்கப் போகும்போது தொடுவதே இல்லை. பலன் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும், மூன்று நாள்கூட ஆகலாம். அதற்கும் தனிக் கடிகாரம்!

---

பயணப்பை

எல்லோருக்கும் நன்றி. மூத்தமகள் எழுதியதைப் படித்துவிட்டு என் அப்பாவின் அலமாரியைப் போய்த் திறந்து பார்த்தேன். ஒரு டப்பா இருந்தது. பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான் இப்போது செய்வது இதுதான். வாரத்துக்கு மூன்று முறை போனாலும் சிரமமில்லாமல் போனால் அது சிக்கல் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, நாள் எண்ணுவதை விட்டுவிட்டேன். காலைச் சாப்பாடு முடித்த இருபது நிமிடத்துக்குள் கழிவறையில் இருப்பேன், காலடியில் ஒரு சின்ன முக்காலி, கைப்பேசி வெளியே. வயிற்றில் ஏதாவது விழுந்தவுடன் பெருங்குடலும் விழித்துக்கொள்ளுமாம், அந்த நேரத்தை வீணாக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிகிறது. பயணத்தில் தண்ணீர் குடிக்கிறேன், வெட்கப்படாமல் வண்டியை நிறுத்தச் சொல்கிறேன்.

மாத்திரை அட்டை இன்னும் பையில் இருக்கிறது. போடும்போது அட்டையின் பின்னால் பேனாவால் நேரத்தை எழுதிவிடுவேன். கடைசியாக எழுதியது "இரவு 9.10 – ஒன்று". நள்ளிரவில் கை அட்டையைத் தேடினால் அந்த வரிதான் முதலில் கண்ணில் படும். அதற்குக் கீழே வேறு எதுவும் எழுதி ஏழு மாதமாகிறது. நேற்று எடுத்துப் பார்த்தால், மிச்சமிருக்கும் எட்டும் அடுத்த மாதம் காலாவதி.