நீலக் குழல்மணி: கண்ணாடியா, ஃபயான்ஸா?

தறிவீடு:
போன மாதம் கெய்ரோவில் ஒரு கடையில் மணிமாலை வாங்கினேன். அரிசி நீளத்தில் நீலக் குழல்மணிகள், நடுநடுவே கடுகளவு செங்கல் சிவப்பு மணிகள். "மம்மி மேல் கிடந்தது, 3,000 வருஷம்" என்றார் கடைக்காரர். தோழியோ எல்லாமே கண்ணாடி என்கிறாள். உடைக்காமல் எப்படிப் பார்ப்பது?

மணிக்கோவை:
உடைக்கவே வேண்டாம். பத்து மடங்கு லென்ஸில் துளையின் விளிம்பைப் பாருங்கள். கண்ணாடி என்றால் உள்வரை ஒரே நிறம், வழவழப்பு. ஃபயான்ஸ், அதாவது பழைய எகிப்தியர் செய்த மெருகுப் பொருள் என்றால் மேலே நீலத் தோல். சிதைந்த இடத்தில் சர்க்கரைக் கட்டியை உடைத்தது போல வெள்ளைப் பொரபொரப்பு.

ஃபயான்ஸ் களிமண் இல்லை. படிகக்கல் பொடியோடு சுண்ணாம்பு, நேட்ரான் என்ற சோடா உப்பு, செம்பு சேர்த்துப் பிசைந்து உருட்டிக் காயவைப்பார்கள். காயக் காய உப்பு மேலே பூக்கும், நம் வீட்டுச் சுவரில் பூப்பது போலவே. சூளையில் அது உருகி நீல மெருகாகிவிடும். தனியாக எதையும் பூசாமலே! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மம்மி மேல் இப்படிக் குழல்மணியை வலையாகக் கோத்துப் போர்த்தியது உண்மை. நூல் மக்கி உதிர்ந்ததை மறுபடி கோத்து விற்றதும் உண்டு. ஆனால் 1983 சட்டப்படி எகிப்தில் தொல்பொருள் விற்பதும் வெளியே கொண்டுபோவதும் குற்றம். பழசு என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள் அக்கா.

ஒட்டகவழி:
அந்தச் சிவப்பு மணியையும் பாருங்கள். குமிழிகள் துளையின் போக்கிலேயே நீண்டிருந்தால், கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கியது. துளையைச் சுற்றி வரி ஓடினால், கம்பியில் சுற்றியது. நம் புதுச்சேரிப் பக்கம் அரிக்கமேட்டில் அந்தக் காலத்தில் செய்தது இழுத்த வகை. அதே வகை மணிகள் எகிப்தின் செங்கடல் கரையில் இருந்த பழைய துறைமுகம் பெரெனிகேயின் அகழாய்விலும் கிடைத்திருக்கின்றன. அங்கிருந்து நைல் கரைக் கொப்தோஸுக்குப் பாலைவன வழி ஒட்டகத்தில் 12 நாள். வெயிலுக்காகப் பெரும்பாலும் இரவில்தான் நடந்தார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். ஆனால் ஒன்று, இழுத்த மணியை இன்றும் செய்கிறார்கள்.

தறிவீடு:
பார்த்துவிட்டேன். நீலத்தில் மூன்று மணி ஓரம் சிதைந்திருக்கிறது, உள்ளே நீங்கள் சொன்ன பொரபொரப்புதான்! சிவப்பில் குமிழிகள் நீளவாக்கில். அப்படியானால் பழசா? நூல் இற்றுப்போகிறது, மாற்றலாமா?

மணிக்கோவை:
பொருள் ஃபயான்ஸ்தான். வயதை லென்ஸ் சொல்லாது. லக்சர் பக்கம் இப்போதும் இதைச் செய்து விற்கிறார்கள். நூலைத் தாராளமாக மாற்றுங்கள். அதற்கு முன் வரிசையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அழுக்குப் போக மெல்லிய தூரிகை போதும், தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். பழைய ஃபயான்ஸாக இருந்தால் உள்ளிருக்கும் உப்பு கரைந்து மெருகு உரியும்.