மின்சார பிக்கப்பில் டிரெய்லர் இழுக்கிறவர்கள் வாருங்கள்: நிஜத்தில் எத்தனை மைல் கிடைக்கிறது?

"எலக்ட்ரிக் டிரக் வாங்கலாமா, டிரெய்லர் இழுக்குமா" என்று கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: இழுக்கும், பிரமாதமாக இழுக்கும். எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி. என்னிடம் இருப்பது ஃபோர்டு எஃப்-150 லைட்னிங், பெரிய பேட்டரி. பின்னால் மாட்டுவது ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் ஒரு கேம்பர், அதாவது உள்ளே தங்கிக்கொள்கிற வீட்டு டிரெய்லர். என் அனுபவத்தை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

பேட்டரி 131 யூனிட். அமெரிக்க சுற்றுச்சூழல் முகமையான ஈ.பி.ஏ. சான்று தரும் ரேஞ்ச், அதாவது முழு சார்ஜில் ஓடும் தூரம், 320 மைல். காலி வண்டியாக ஊருக்குள் நிதானமாக ஓட்டினால் அது கிடைக்கத்தான் செய்கிறது. நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் போனால் 250 பக்கம் வரும். கேம்பரை மாட்டியதும் யூனிட்டுக்கு ஒரு மைல்தான். எதிர்க்காற்று அடித்தால் அதுவும் குறையும்.

அப்படியென்றால் 130 மைல் போகலாமே என்று தோன்றும். புறப்படும்போது முழு சார்ஜ் இருந்தால் முதல் கட்டத்துக்குச் சரி. அதற்குப் பிறகு அப்படி இல்லை. வழியில் சார்ஜ் போடும்போது 80 சதவீதம் தாண்டினால் வேகம் படுத்துவிடும். கீழே 10 சதவீதத்துக்குக் குறைய விட்டு டிரெய்லரோடு ஓட்ட எனக்குத் தைரியம் வராது. நடுவில் இருக்கிற 70 சதவீதம்தான் கையில் நிற்பது, அதாவது 90 மைல். அந்த 90 மைலுக்கு ஒருமுறை 40 நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டும். வாங்கும் முன் எல்லோரும் போட வேண்டிய கணக்கு இதுதான். விளம்பரத்தில் வரும் 10,000 பவுண்டு இழுவைத் திறன் இந்தக் கணக்கைச் சொல்லாது.

பலரும் எடைதான் சார்ஜைத் தின்கிறது என்று நினைக்கிறார்கள். எடைக்குப் பங்கு உண்டு, ஆனால் அது ஏற்றத்தில்தான் தெரியும். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 12,000 பவுண்டு என்றால் ஆயிரம் அடி உயரம் ஏற சுமார் 4.5 யூனிட் கூடுதலாகப் போகும். இறங்கும்போது அதில் ஒரு பகுதி பேட்டரிக்கே திரும்பி வரும். காற்றுக்குக் கொடுத்தது மட்டும் திரும்பாது. கேம்பரின் முகப்பு ஒரு சுவரைத் தூக்கி நிறுத்தியது போல இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், அதனால் 70-லிருந்து 60-க்கு இறங்கினாலே அந்த எதிர்ப்பில் கால்வாசி போய்விடும். நான் இப்போது 60-க்கு மேல் போவதே இல்லை. வலது ஓரத்தில் லாரிகளோடு லாரியாகப் போகிறேன்.

பெட்ரோல் வண்டியும் டிரெய்லர் மாட்டினால் இப்படித்தான் மைலேஜ் இழக்கும், அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஒரு கேலன் பெட்ரோலில் 33.7 யூனிட் சக்தி இருக்கிறது. என் பேட்டரி முழுவதும் சேர்த்தாலும் நாலு கேலன் ஆகாது! பெட்ரோல் எஞ்சின் அதில் பெரும்பகுதியை வெப்பமாக வீணடித்தும், பெரிய டேங்க்கும் ஐந்து நிமிட நிரப்பலும் அதைக் காப்பாற்றிவிடுகின்றன. நமக்கு அந்த வசதி இல்லை.

உண்மையில் என்னை வாட்டுவது ரேஞ்ச்கூட இல்லை, சார்ஜ் போடும் இடம். பெரும்பாலான இடங்களில் கார் மூக்கை நுழைத்து நிறுத்துகிற மாதிரிதான் கோடு போட்டிருக்கிறார்கள். டிரெய்லரோடு நுழைந்தால் பின்பாதி பாதையை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே ஓரமாக இடம் தேடி, டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஏழு முனை பிளக்கைப் பிடுங்கி, சங்கிலியைக் கழற்றி, ஜாக்கை இறக்கி, டிரெய்லரை வண்டியின் இணைப்புப் பந்திலிருந்து தூக்கிவிட்டு, வண்டியை மட்டும் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பிறகு எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். மழையில் இதைச் செய்தவர்களுக்குத் தெரியும். என் வண்டியில் சார்ஜ் வாய் முன்பக்கம் இடதுபுறம் இருப்பதால், சில இடங்களில் கேபிள் எட்டாமல் இரண்டு இடத்தை மறித்து நிற்க வேண்டியும் வருகிறது. பெட்ரோல் பங்க் மாதிரி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிற சார்ஜர்களை இன்னும் நிறையக் கட்ட வேண்டும். டிரக்கை விற்கிறவர்கள் இதற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது என் கருத்து.

இத்தனைக்கும் இழுப்பது என்று வந்துவிட்டால் இந்த வண்டியைப் போல ஒன்றை நான் ஓட்டியதில்லை. ஏற்றத்தில் கியர் மாறுகிற உதறல் கிடையாது, எஞ்சின் அலறல் கிடையாது. இறக்கத்தில் மோட்டாரே பிடித்துக்கொள்வதால் பிரேக் சூடாவதில்லை. ஒன்று மட்டும் கவனம்: மலை உச்சியில் தங்கினால் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் திரும்பி வருகிற மின்சாரத்துக்கு இடம் இருக்காது, மோட்டார் பிடிமானம் குறைந்துபோகும்.

———

அண்ணா, நீங்கள் சொன்ன காற்று விஷயம் நூற்றுக்கு நூறு சரி. நான் சில்வராடோ ஈவி வைத்திருக்கிறேன், வேலைக்கான மாடல், 450 மைல் ரேஞ்ச் என்று சான்று. தட்டையான டிரெய்லரில் சின்ன எக்ஸ்கவேட்டரை ஏற்றிக்கொண்டு போவேன். உங்கள் கேம்பரைவிட எடை அதிகம், ஆனால் சுமை தாழ்வாக இருக்கிறது. ரேஞ்ச் பாதியாகக்கூடக் குறைவதில்லை. அதே வண்டியில் மூடிய பெட்டி டிரெய்லரை, அதுவும் காலியாகத்தான், ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். எக்ஸ்கவேட்டரைவிட அதுதான் அதிகம் தின்றது.

எனக்கு வேலையிடம் போய் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுகிற ஓட்டம். வழியில் சார்ஜ் போடுகிற பேச்சே இல்லை, காலையில் எழுந்தால் நிரம்பி நிற்கும். என் தொழிலில் இருப்பவர்களுக்கு யோசிக்காமல் வாங்கச் சொல்வேன். ஆனால் இந்த ரேஞ்ச் சும்மா வரவில்லை, பேட்டரியே 200 யூனிட்டுக்கு மேல். காலி வண்டியே 8,000 பவுண்டைத் தாண்டும். டயர் தேய்மானத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

———

என்னிடம் இருப்பது ரிவியன் ஆர்1டி மின்சார பிக்கப், இழுப்பது படகு டிரெய்லர். குளிரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். உறைபனி நாளில் டிரெய்லர் இல்லாமலே கணிசமாக அடிவாங்கும். பேட்டரியையும் கேபினையும் சூடாக்க வேண்டும், குளிர்காற்று அடர்த்தியாக இருப்பதால் எதிர்ப்பும் கூடும். வீட்டில் பிளக்கில் இருக்கும்போதே வண்டியைச் சூடாக்கிவிட்டுக் கிளம்புங்கள், நல்ல வித்தியாசம் தெரியும்.

அப்புறம் அந்த 80 சதவீதம். டிரெய்லர் இல்லாமல் போனால் 60-லேயே பிடுங்கிக்கொண்டு கிளம்புவதுதான் வேகமான வழி. டிரெய்லரோடு போகும்போது நான் 90 வரைகூட உட்கார்ந்திருப்பேன். கழற்றி மாட்டுகிற வேலை ஒரு தடவை குறைந்தால் அந்தப் பத்து இருபது நிமிடம் பெரிதில்லை.

கேம்பர் வைத்திருப்பவர்களிடம் ஒரு கேள்வி: முகாமில் இருக்கிற 50 ஆம்பியர் பிளக்கில் ராத்திரி முழுக்கப் போட்டால் எவ்வளவு ஏறும்?

———

நல்ல கேள்வி. 240 வோல்ட்டில் 40 ஆம்பியர் எடுத்தால் மணிக்கு 9.6 யூனிட் வரும், இழப்பு போக ஒன்பது பக்கம் என்று வையுங்கள். பத்து மணி நேரம் நின்றால் என் லைட்னிங்கின் பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிடும். ஆனால் கேம்பரின் ஏசியும் அதே கம்பத்தில் ஓடினால் பிரேக்கர் விழும், அதனால் வண்டியில் ஆம்பியரைக் குறைத்து வைக்கிறேன். சில முகாம்களில் வண்டிக்குச் சார்ஜ் போட அனுமதியில்லை, முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

வழியில் நிற்கிற சார்ஜர்களைப் பொறுத்தவரை பெயரை நம்பிப் போகாதீர்கள். ப்ளக்‌ஷேர் என்ற, சார்ஜர்களைக் காட்டும் செயலியில் மற்றவர்கள் போட்ட படங்களையும் செயற்கைக்கோள் வரைபடத்தையும் பாருங்கள். டிரெய்லரோடு திரும்ப இடம் இருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.