நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியா? டயர் மாற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள் (சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு)

சிங்கப்பூருக்கு வந்து கொஞ்ச காலம் எம்ஆர்டியிலும் பஸ்ஸிலும் ஓட்டிவிட்டு, குழந்தை பிறந்ததும் "சரி, ஒரு கார் வாங்கிவிடலாம்" என்று இறங்குபவர்கள் பலர் பழைய வண்டியில்தான் போய் முடிகிறார்கள். சிஓஇ (இங்கே கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்று) விற்கும் விலையில் அதுதான் கையைக் கடிக்காது. அதிலும் நம்மவர்கள் கண் உயரமான வண்டிகள் மேல்தான்: சுபாரு ஃபாரஸ்டர், நிசான் எக்ஸ்-ட்ரெயில், ஹோண்டா சிஆர்-வி. வாங்கும்போது மைலேஜ் கேட்கிறோம், சிஓஇ எத்தனை வருடம் மீதி என்று கேட்கிறோம், டயரைக் காலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். நான்கு டயரிலும் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று குனிந்து படிப்பவர் குறைவு.

முதல் வேலை, உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்வது. உயரமாக இருப்பதாலேயே நாலு சக்கரத்துக்கும் இழுவை போகிறது என்று அர்த்தமில்லை. எக்ஸ்-ட்ரெயில், சிஆர்-வி இரண்டும் முன்சக்கரம் மட்டும் இழுப்பதாகவும் வரும், நாலும் இழுப்பதாகவும் வரும். விற்பவர் வாய்வார்த்தையை நம்பாமல் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். அல்லது லிஃப்ட்டில் ஏற்றும்போது நடுவில் நீளமாகப் பின்பக்கம் ஓடும் ஷாஃப்ட்டும் பின் அச்சில் டிஃபரன்ஷியலும் (சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரப் பெட்டி) இருக்கிறதா என்று கேளுங்கள். முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி என்றால் உங்கள் கவலை பாதி தீர்ந்தது. இரண்டு இரண்டாக மாற்றலாம். புதிய ஜோடியைப் பின்னால் போடச் சொல்லுங்கள். "முன்சக்கரம்தானே இழுக்கிறது, புதுசு முன்னாடி இருக்கட்டும்" என்று கடைக்காரர் சொல்லலாம். கேட்காதீர்கள். மழையில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்தால் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

நாலும் இழுக்கும் வண்டியில் கதை வேறு. அங்கே முன் அச்சும் பின் அச்சும் ஏதோ ஒரு வகையில் பிணைக்கப்பட்டிருக்கின்றன. நான்கு டயரும் ஒரே சுற்றளவில் இருக்கும் என்று நம்பித்தான் அந்தப் பிணைப்பை வடிவமைத்திருக்கிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 225/60 ஆர்18 (அகலம் 225 மி.மீ., பக்கவாட்டு உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 18 அங்குலம்) என்பது சாதாரணமாகப் புழங்கும் அளவு. புதிய டயரின் சுற்றளவு சுமார் 2,285 மி.மீ. புதிதில் பட்டன் ஆழம் (டயரின் மேல் இருக்கும் வெட்டுகளின் ஆழம்) 8 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பாதி தேய்ந்து 4 மி.மீ.க்கு வரும்போது சுற்றளவில் 25 மி.மீ. குறைந்துவிடும். புதிய டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 438 முறை சுற்றினால், தேய்ந்தது 443 முறை சுற்ற வேண்டும். ஐந்து சுற்று என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். தைப்பூசத்துக்கு உட்லண்ட்ஸிலிருந்து பத்துமலைக்கு வண்டியில் போகிறீர்கள், 350 கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சுமார் 1,700 சுற்று வித்தியாசம் சேர்ந்துவிடும். அதை யாராவது விழுங்கியாக வேண்டும். விழுங்குவது நடுவில் இரண்டு அச்சையும் இணைக்கும் கிளட்ச்சோ கப்ளிங்கோதான், அதுவும் சூடாகிச் சூடாகி.

இந்தப் பிணைப்பு எல்லா வண்டியிலும் ஒன்றுபோல இல்லை. சிஆர்-வி போன்றவை சாதாரண நேரத்தில் முன்சக்கரத்தில் ஓடி, தேவைப்படும்போது பின்சக்கரத்தைச் சேர்த்துக்கொள்ளும். இவற்றில் தட்டுத் தட்டாக அடுக்கிய கிளட்ச் இருக்கும். டயர் சுற்றளவு மாறுபட்டால் "எங்கோ சக்கரம் வழுக்குகிறது" என்று கம்ப்யூட்டர் நினைத்து அந்தக் கிளட்ச்சை அடிக்கடி வேலைக்கு இழுக்கும். ஃபாரஸ்டர் போன்ற சுபாரு வண்டிகளில் எப்போதும் நாலுக்கும் இழுவை உண்டு, அதனால் அவர்கள் இன்னும் கண்டிப்பு: நான்கு டயருக்கும் இடையே சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்குள், அதாவது 6 மி.மீ. சொச்சத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். பட்டன் ஆழத்தில் சொன்னால் அது வெறும் 1 மி.மீ. மற்ற வண்டிகளுக்கு டயர்க்காரர்கள் பொதுவாகச் சொல்வது 2/32 அங்குலம், ஒன்றரை மி.மீ. சொச்சம்.

சுசுகி ஜிம்னி மூன்றாவது வகை. சாதாரணமாகப் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும்; லீவரைப் போட்டால்தான் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொள்ளும், நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார்ச்சாலையில் அந்த லீவரைத் தொடவே கூடாது. டயர் நான்கும் புத்தம்புதிதாக இருந்தாலும், திருப்பத்தில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடும்; பூட்டிய நிலையில் அந்த வித்தியாசம் போக இடமில்லாமல் உள்ளே முறுக்கு ஏறும். மழையில் பிடிப்பு கூடும் என்று பிஐஇ விரைவுச்சாலையில் அந்த லீவரைப் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

வாங்கப் போகும் வண்டியில் இந்தக் கோளாறு ஏற்கனவே இருக்கிறதா என்று பார்க்க நம் எச்டிபி (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) மாடிக் கார் பார்க்கே போதும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக, வட்டமாக ஓட்டிப் பாருங்கள். வண்டி இழுத்துப் பிடிப்பதுபோல் திக்கினால், குதித்துக் குதித்து நகர்ந்தால், ஒர்க்‌ஷாப்பில் காட்டாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் எதுவானாலும் செலவு உங்கள் தலையில் விழக் கூடாது.

இன்ஸ்பெக்ஷன் பாஸ் ஆன வண்டிதானே என்பார்கள். இங்கே சட்டப்படி பட்டன் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ. இருந்தால் போதும். ஒரு டயர் 7, இன்னொன்று 3 என்று இருந்தாலும் இரண்டும் அந்த வரம்புக்கு மேலேதான், பாஸ் ஆகிவிடும். அதனால் பாஸ் சீட்டு உங்கள் கப்ளிங்குக்கு உத்தரவாதம் தராது. என்னைக் கேட்டால் 1.6 வரை காத்திருப்பதே தப்பு. டிசம்பர், ஜனவரி மழையில் ஈசிபி விரைவுச்சாலையில் தண்ணீர் நிற்கும்போது 3 மி.மீ.க்குக் கீழே தேய்ந்த டயரில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போக எனக்குத் தைரியமில்லை.

அளவு ஒன்றாக எழுதியிருந்தால் போதுமா? போதாது. ஒரே அளவு எழுதிய இரண்டு கம்பெனி டயர்களின் உண்மையான சுற்றளவில் சில மி.மீ. வேறுபாடு இருக்கும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கு இடையிலும் இருக்கும். மறுபக்கம், பிஎம்டபிள்யூ எக்ஸ்5 சிலவற்றில் கம்பெனியே முன்னால் 275/40 ஆர்20, பின்னால் 315/35 ஆர்20 என்று வேறு வேறு போட்டுத் தருகிறது. அகலம்தான் வேறு. உயரத்தைக் கணக்குப் போட்டால் 728 மி.மீ., 728.5 மி.மீ. ஆக நீங்கள் பார்க்க வேண்டியது சுற்றளவை. அந்த எக்ஸ்5 வாங்கியவர்கள் முன்பின் மாற்றிப் போட முடியாது என்பதையும் சேர்த்தே யோசித்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டுவிடுங்கள். நான்கும் சமமாகத் தேயும், நான்கையும் ஒன்றாக மாற்றலாம்; நாலும் இழுக்கும் வண்டிக்கு இதைவிட மலிவான வைத்தியம் இல்லை. காற்றும் அப்படித்தான். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள். பெட்ரோல் நிலைய மீட்டரில் 230 என்று வைத்தால் அது கிலோபாஸ்கல், நம் ஊர்க் கணக்கில் 33 பவுண்டு.

முரட்டுப் பட்டன் டயர் ஆசை சிலருக்கு உண்டு, குறிப்பாக ஜிம்னிக்காரர்களுக்கு. பார்க்க அழகுதான். ஆனால் மண் சாலைக்கான எம்டி டயர் தார்ச்சாலையில் இரைச்சல் போடும், ஈரத்தில் பிரேக் பிடிக்க அதிக தூரம் எடுக்கும். நம் ஓட்டம் எஸ்எல்இ, பிஐஇ, எப்போதாவது மலேசிய நெடுஞ்சாலை. அதற்கு எச்டி (தார்ச்சாலைக்கான) டயர் போதும். எஸ்டேட் பாதை, ஆற்றங்கரை முகாம் என்று அடிக்கடி போகிறவர் ஏடி (எல்லாப் பாதைக்குமான டயர்) போடலாம், அப்போதும் நான்கும் ஏடி. முன்னால் எச்டி, பின்னால் ஏடி என்று கலப்பதை மட்டும் செய்யாதீர்கள். பெரிய அளவு போட்டு டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) விதிக்கும் ஆகாது.

கீழே கமெண்ட்டில் வந்த கேள்விகளுக்குப் பதில்:

"அண்ணா, என் சுபாருவில் ஒரே ஒரு டயர் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. மற்ற மூன்றும் 5 மி.மீ. நாலும் மாற்றணுமா?"

தம்பி, பக்கவாட்டுக் கிழிசலை ஒட்ட முடியாது, அந்த டயர் போனதுதான். உங்களுடையது சுபாரு என்கிறீர்கள். புதியது ஒன்று போட்டால் 3 மி.மீ. வித்தியாசம், அது வரம்புக்கு வெளியே. அதே கம்பெனி, அதே மாடல், 5 மி.மீ.க்குப் பக்கத்தில் தேய்ந்த பழைய டயர் கிடைக்கிறதா என்று காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் இருக்கும் கடைகளில் விசாரியுங்கள். பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளுக்குப் பிறகு கடைசி நாலு எண்ணைப் பாருங்கள்: 2322 என்றால் 2022இன் 23ஆவது வாரம். வயதான டயர் என்றால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் தொடாதீர்கள், இந்த வெயிலுக்கு ரப்பரில் விரிசல் விட்டிருக்கும். கிடைக்கவில்லையா, நான்கையும் மாற்றிவிடுங்கள். அந்த கப்ளிங் வேலைக்கு ஆகும் செலவோடு பார்த்தால் மூன்று டயர் விலை பெரிதில்லை.

"ஜேபியில் (ஜொகூர் பாரு, மலேசியா) மாற்றினால் மலிவாமே?"

விலை குறைவுதான், நானும் மறுக்கவில்லை. இரண்டு விஷயம். அங்கே பொருத்திக்கொண்டு வரும் புதிய டயருக்கும் இங்கே 9 சதவீத ஜிஎஸ்டி உண்டு. வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், டிபென்டன்ட் பாஸ் வைத்திருப்பவர்களுக்குப் பயணிகளுக்கான ஜிஎஸ்டி விலக்கு கிடையாது, அதனால் முதல் டாலரிலிருந்தே கணக்கு. அடுத்தது, அவசரத்தில் "அண்ணே, ரெண்டு போதும்" என்று அவர்கள் சொன்னால் தலையாட்டாதீர்கள். டிஓடி எண்ணையும் லோட் இண்டெக்ஸையும் நீங்களே படித்துப் பாருங்கள். வண்டியில் 100எச் என்று இருந்தால் 100 என்பது ஒரு டயருக்கு 800 கிலோ, எச் என்பது 210 கிலோமீட்டர் வேகம். இரண்டிலும் குறைவானதைப் போட வேண்டாம்.

"எங்களுடையது ஹைபிரிட், பின்னால் தனி மோட்டார். எங்களுக்கும் இதெல்லாம் உண்டா?"

முன்னும் பின்னும் இணைக்கும் ஷாஃப்ட்டே இல்லாததால் கப்ளிங் சூடாகிற பிரச்சினை உங்களுக்கு இல்லை. இரண்டு மோட்டார் மின்சாரக் காருக்கும் அப்படியே. ஆனால் ஏபிஎஸ்ஸும் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) வழுக்கல் தடுப்பும் நான்கு சக்கர வேகத்தையும் ஒப்பிட்டுத்தான் வேலை செய்கின்றன, அதனால் ஒரே அச்சில் இடதும் வலதும் ஒரே மாடல், ஒரே தேய்மானமாக இருக்கட்டும். மின்சாரக் கார் என்றால் எடை கூடுதல், எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும்) என்று எழுதிய டயர்தானா என்று கையேட்டைப் பார்த்து வாங்குங்கள்.