மான் தொடை ரப்பர் ஆகிவிட்டது, எங்கே தவறினேன்?

வேட்டை உரிமம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எலும்பு நீக்கிய மான் தொடைக்கறி இரண்டு கிலோ கொடுத்தார். பாதியை எடுத்து இரவு முழுக்க வினிகரில் ஊறவைத்து, மறுநாள் முக்கால் மணி நேரம் வேகவைத்தேன். மேல்பக்கம் மாவு போல உதிர்கிறது, உள்ளே பல் இறங்கவில்லை. ஒரு வாடை வேறு. பையன் ஒரு துண்டை ஐந்து நிமிடம் மென்றுவிட்டு, "இதை எப்போது விழுங்க வேண்டும்?" என்று கேட்டான். மீதி ஒரு கிலோ ஃப்ரீசரில் இருக்கிறது. கூடவே காட்டுப்பன்றித் தோள்பட்டை ஒன்றும் உண்டு. அதை நடுவில் சிவப்பாக விட்டுச் சாப்பிடலாமா?

பதில் 1
பாலில் ஊறவையுங்கள், வாடை போய்விடும். நான் எப்போதும் அப்படித்தான்.

பதில் 2
பால் கொஞ்சம் ரத்தத்தை இழுக்கும், அவ்வளவுதான். வாடை பெரும்பாலும் கொழுப்பில் இருக்கிறது. மான் கொழுப்பு சீக்கிரம் உறைந்து மெழுகு போல மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளையாகத் தெரிவதை எல்லாம் கத்தியால் எடுத்துவிட்டு, சமைக்க வேறு எண்ணெயோ வெண்ணெயோ சேருங்கள்.

அடுத்தது ஜவ்வு. தொடை ஒரே கறித்துண்டு இல்லை. விரலால் பிரித்தாலே தனித்தனித் தசைகளாக வந்துவிடும். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளி போல மின்னும் ஜவ்வு ஒன்று போர்த்தியிருக்கும். எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் அது கரையாது. சூட்டில் சுருங்கிக் கறியையும் சேர்த்து இறுக்கும். கத்தி முனையை அதற்கு அடியில் நுழைத்து, விளிம்பைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து, ஜவ்வை மறு கையால் இழுத்துப் பிடித்து உரியுங்கள். முதல் தடவை எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கறியும் பாதி ஜவ்வோடு போனது!

வினிகர் உள்ளே இறங்குவது சில மில்லிமீட்டர்தான். இரவு முழுக்க விட்டால் மேல்பக்கம் வெந்த மாதிரி ஆகிவிடும், உங்களுக்கு உதிர்ந்தது அதுதான். உப்பு மட்டும் போதும்.

வேகவைத்த நேரம்தான் பெரிய சிக்கல். கொழுப்பில்லாத தொடைத்தசையைச் சட்டென்று வறுத்து இறக்க வேண்டும், அல்லது மூன்று மணி நேரம் மெதுவாக வேகவிட வேண்டும். நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டீர்கள். எனக்கு மட்டும் என்றால் உள்ளே 54 டிகிரி வந்ததும் எடுத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே மெல்லியதாக அரிவேன். ஆனால் வேட்டைக்கறிக்குப் பாதுகாப்பான அளவாகச் சொல்வது 71 டிகிரி. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் என் முறை வேண்டாம், நீரில் மெதுவாக வேகும் முறைதான் சரி.

குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்திருக்கிறதா என்று நண்பரிடம் கேளுங்கள். ஈயத்துகள் காயத்துக்கு அப்பாலும் சிதறும், கண்ணில் படாது.

பதில் 3
பன்றிக்கு மட்டும் சொல்கிறேன்: சிவப்பாக விடவே கூடாது. டிரிகினெல்லா என்ற புழுவின் குஞ்சுகள் தசைக்குள் இருக்கலாம். "ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும்" என்பது பண்ணைப் பன்றிக்குச் சொன்னது. காட்டு விலங்குகளில் குளிரைத் தாங்கும் வகைகள் உண்டு. புகை போட்டாலும் உப்புக்கண்டம் போட்டாலும் நம்ப முடியாது. உள்ளே 71 டிகிரி வர வேண்டும், அதையும் தெர்மாமீட்டரை மிகத் தடிமனான இடத்தில் எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள். தோள்பட்டை என்பதால் 90 டிகிரி தாண்டி மெதுவாக விட்டால்தான் அதன் ஜவ்வு இளகி, கரண்டியாலேயே பிய்க்க வரும்.

பதில் 4
ஜவ்வு கரையாது என்று ஒருவர், இளகும் என்று ஒருவர். எது சரி?

பதில் 2-இல் எழுதியவர்
இரண்டும் சரி. மேலே போர்த்தியிருக்கும் மின்னும் ஜவ்வு கரையாது. தசைக்கு உள்ளே ஓடும் ஜவ்வு, தோள்பட்டையிலும் கீழ்க்காலிலும் அதிகம். அது நேரம் கொடுத்தால் பசையாகி இளகும்.

கேட்டவர்
நன்றி. நேற்று மானைப் பிரித்தேன், ஐந்து தசைகள் வந்தன. ஜவ்வை உரித்து மூன்று மணி நேரம் மெதுவாக வேகவிட்டேன். பையன் விழுங்கிவிட்டான், கேள்வி எதுவும் கேட்கவில்லை. பன்றி இன்று காலையிலிருந்து அடுப்பில் இருக்கிறது. நான்கு மணி நேரம் ஆகிறது, 74 டிகிரியிலேயே நிற்கிறது. தெர்மாமீட்டர் கெட்டுவிட்டதா, இல்லை இப்படித்தான் நிற்குமா?

பதில் 3-இல் எழுதியவர்
மூடாமல் ஓவனில் வைத்திருக்கிறீர்களா? மேலே ஈரம் ஆவியாகி ஆவியாகிக் கறியைக் குளிர்விக்கும், அதனால் இப்படித்தான் நிற்கும். அலுமினியத் தாளால் இறுக்கிச் சுற்றுங்கள், ஏறிவிடும்.