வேலை செய்யும் ஜில்லுக்குப் போல்கேட் கலப்பு ஹாப் போடலாமா?

சுருக்குவலை கேட்டது:

வணக்கம். முயல் விரட்ட வளர்க்கும் கீரி போன்ற சிறு விலங்கான ஃபெரட் ஒன்று வைத்திருக்கிறேன், இரண்டு வயது ஜில் (பெண்), எடை 750 கிராம். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை முயல் வளைகளில் நன்றாக வேலை செய்கிறது, வெளியே வந்ததும் நேராகக் கைக்கு வரும். இப்போது மார்ச், பருவத்துக்கு வந்துவிட்டது, குறி வீங்கத் தொடங்கிப் பத்து நாள் இருக்கும். ஃபெரட்டின் காட்டு இனமான போல்கேட்டோடு முதல் தலைமுறைக் கலப்பு என்று சொல்லி ஒருவர் தன் ஹாப்பை (ஆண் ஃபெரட்டை) கொஞ்ச நாளைக்குத் தருகிறேன் என்கிறார். இடம் இங்கிலாந்தில் வேல்ஸ் எல்லையோர ஷ்ராப்ஷயர்.

போல்கேட் ரத்தம் சேர்ந்தால் வேலைத்திறன் கூடுமா? எத்தனை பங்கு வரை சேர்க்கலாம்? ஒரு ஈத்தாவது ஈனாவிட்டால் ஜில் செத்துப்போகும் என்கிறார்களே, அது உண்மையா? இணை சேர்ப்பதில் தொடங்கி குட்டி கை மாறும் வரை எங்கெங்கே தப்பு நடக்கும்? குட்டிகளில் இரண்டை நான் வைத்துக்கொள்வேன். மீதிக்கு இன்னும் ஆள் பார்க்கவில்லை.

---

வளைவாசல்:

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். ஓர் ஈத்துக்கு ஆறு முதல் எட்டுக் குட்டி சாதாரணம், பத்துக்கு மேலும் போகும். இரண்டு உங்களுக்கு என்றால் குறைந்தது நான்கைந்து குட்டிக்கு இப்போதே பெயர் சொல்லி ஆள் இருக்க வேண்டும். "யாராவது வாங்குவார்கள்" என்று விட்டவர்களின் குட்டிகள்தான் கோடை முடிவில் மீட்பு இல்லங்களை நிரப்புகின்றன. ஆள் இல்லையென்றால் இந்த ஆண்டு விட்டுவிடுங்கள்.

ஈனாவிட்டால் சாகும் என்பது பாதிதான் உண்மை. ஜில்லுக்கு இணை சேர்ந்தால்தான் கருமுட்டை வெளிப்படும். சேராவிட்டால் பருவம் தானாக அடங்காமல் வாரக்கணக்கில் நீளும், ஈஸ்ட்ரோஜன் ஏறியபடியே இருந்து எலும்பு மஜ்ஜையை முடக்கிவிடும். ஈறு வெளுப்பது, வாலிலும் இடுப்பிலும் முடி உதிர்வது, தோலுக்கடியில் சிவப்புப் புள்ளிகள் தெரிவது எல்லாம் தாமதமான அறிகுறிகள். அதைப் பார்த்தபின் காப்பாற்றுவது கடினம். ஆகவே பருவத்தை அடக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்குக் குட்டி தேவையில்லை.

மூன்று வழிகள் உண்டு. ஒன்று 'ஜில் ஊசி' எனப்படும் புரோலிஜெஸ்டோன் என்ற ஹார்மோன் மருந்து. கால்நடை மருத்துவர் போடுவார், ஒரு வாரம் பத்து நாளில் குறி சுருங்கும், பெரும்பாலும் ஒரே ஊசியில் அந்தப் பருவம் கடந்துவிடும். இரண்டாவது வாசெக்டமி செய்த, அதாவது விந்துக்குழாயை வெட்டிய ஹாப். அது சேர்ந்தால் ஏறத்தாழ 42 நாள் பொய்ச்சினை நிற்கும், பிறகு மறுபடி பருவம் வரும் என்பதால் ஒரு கோடையில் இரண்டு முறை தேவைப்படலாம். புதிதாக வாசெக்டமி ஆன ஹாப்பை ஏழெட்டு வாரம் கழித்தே நம்ப வேண்டும். அதற்குள் விட்டுக் குட்டி பிறந்த கதைகள் ஏராளம். மூன்றாவது தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் ஹார்மோன் இம்பிளான்ட், விலை அதிகம், நீண்ட நாள் நிற்கும். அறுவை செய்து சூலகத்தையும் கருப்பையையும் எடுக்கும் வழக்கம் குறைந்துவருகிறது, பின்னாளில் அட்ரினல் சுரப்பி நோய்க்கு அது வழி செய்கிறது என்பதால்.

---

மேற்குமலை:

போல்கேட் ரத்தம் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன்.

முதலில், அந்த ஹாப் உண்மையிலேயே கலப்புதானா? விளம்பரங்களில் போல்கேட் ஃபெரட் என்று வருவது பெரும்பாலும் கருநிற முகமூடி நிறத்தைத்தான் குறிக்கும், அதில் காட்டு ரத்தம் ஒரு சொட்டும் இருக்க வேண்டியதில்லை. நிறத்தைப் பார்த்து எத்தனை பங்கு என்று சொல்ல முடியாது. தாய் தகப்பன் யார், அந்தப் போல்கேட் எந்த வளர்ப்புத் தொகுதியிலிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். 1981 வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டத்தின் ஆறாவது அட்டவணையில் போல்கேட் இருக்கிறது, உரிமம் இல்லாமல் பொறி வைத்துப் பிடிப்பது குற்றம். "வேலியோரம் கிடைத்த குட்டி" என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் குரோமோசோம் 40தான், கலப்பு வளமாகவே ஈனும், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் குணத்தில். முதல் தலைமுறை வேகமாக இருக்கும், மூக்கும் கூர்மை. ஆனால் வளையில் ஃபெரட்டின் வேலை முயலை விரட்டுவதோடு முடிவதில்லை, கைக்கு வருவதும் அதில் சேர்த்தி. கலப்புகளில் அடிக்கடி காணும் குறை இதுதான்: வளைவாயில் மூக்கும் முன்னங்கால் இரண்டும் தெரியும், நீங்கள் கையை நீட்டியதும் ஒரு சாண் உள்ளே போகும், கையை எடுத்தால் மறுபடி எட்டிப்பார்க்கும். ஒரு தடவை பாய்ந்து பிடித்தீர்களோ, அடுத்த தடவை இரண்டு சாண் உள்ளே நிற்கும். பனி கொட்டும் மாலையில் இதோடு ஒரு மணி நேரம் போராடிவிட்டால் வேகத்தின் பெருமை எல்லாம் மறந்துபோகும்.

முயல்கள் உங்கள் ஜில்லுக்கு இப்போதே வெளியே ஓடுகின்றன என்றால் கலப்பால் கிடைக்கப்போவது மிகக் குறைவு. கட்டாயம் வேண்டுமென்றால் அரைப் பங்கை வேலைக்கு வைக்காதீர்கள். முதல் கலப்பை நல்ல ஃபெரட்டோடு சேர்த்தால் கால் பங்கு, அதையும் சேர்த்தால் அரைக்கால். கால் பங்குக்குக் கீழே வந்தபின்தான் எல்லோர் கைக்கும் கொடுக்கத்தக்க குணம் நிலைக்கத் தொடங்கும். உங்கள் விஷயத்தில் அந்த ஹாப் உண்மையான முதல் தலைமுறை என்றால் குட்டிகள் கால் பங்கு. சிறுவர்கள் உள்ள வீட்டுக்கும் புதிதாகத் தொடங்குபவருக்கும் அவை போகக் கூடாது.

இன்னொன்று ஷ்ராப்ஷயர் என்பதால். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் போல்கேட்டுகள் நடு வேல்ஸிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் ஒடுங்கிப்போயின. அங்கிருந்து கிழக்கே திரும்பப் பரவிவரும் வழியில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். தொலைந்த ஃபெரட்டுகள் காட்டுப் போல்கேட்டோடு கலப்பது பரவல் எல்லைகளில் ஏற்கெனவே இருக்கும் பிரச்சினை, வின்சென்ட் வைல்ட்லைஃப் டிரஸ்ட் என்ற வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பு பல ஆண்டுகளாக இதைக் கணக்கெடுத்துவருகிறது. வளைக்குள் அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் இருக்கும் இடம் காட்டும் ட்ரான்ஸ்மிட்டர் கழுத்துப்பட்டை போடுங்கள். சோதித்துப் பார்க்காத பேட்டரியோடு போடுவதற்குப் போடாமலே இருக்கலாம்.

---

கால்நடைத்துணை:

ஆள் பார்த்தாகிவிட்டது, ஹாப்பும் சரியானது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

சேர்ப்பதற்கு முன் இரண்டின் வாயையும் திறந்து பாருங்கள். கீழ்த்தாடை முன்தள்ளியிருந்தாலோ பின்தங்கியிருந்தாலோ வேண்டாம். வால் முழுதும் விரலால் நீவிப் பாருங்கள், முடிச்சோ கோணலோ தட்டும். ஹாப்புக்கு இரண்டு விரையும் இறங்கியிருக்க வேண்டும். நெற்றியில் வெள்ளைக் கோடு, முழு வெள்ளைத் தலை இவை உள்ளவற்றில் செவிடு அதிகம். முதுகுப்பக்கம் சாவியைக் குலுக்கிச் சோதியுங்கள், ஆனால் அதிர்வையோ காற்றையோ உணர்ந்து திரும்பினால் ஏமாறாதீர்கள். செவிட்டு ஃபெரட் வேலை செய்யும், இனப்பெருக்கத்துக்கு ஆகாது. அலூஷியன் என்ற வைரஸ் நோய்க்கு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். அதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை, வெளியிலிருந்து வரும் ஹாப்தான் பெரும்பாலும் கொண்டுவரும். டிஸ்டெம்பர் தடுப்பூசியை முன்னாலேயே முடித்துவிடுங்கள், சினையில் உயிருள்ள தடுப்பூசி கூடாது. உறவும் பாருங்கள்: அண்ணன் தங்கை சேர்ந்தால் குட்டிகளின் உள்ளினக் குணகம் (நெருங்கிய உறவுக் கலப்பின் அளவு) 25%, பாதி உடன்பிறப்பு என்றால் 12.5%. உள்ளூரில் எல்லாருமே ஒரே ஹாப்பைப் பயன்படுத்தியிருந்தால் அது தெரியாமலே நடந்துவிடும்.

குறி வீங்கத் தொடங்கிப் பத்து முதல் பதினான்கு நாளில் சேர்ப்பது நல்லது. ஜில்லை ஹாப்பின் கூண்டுக்குக் கொண்டுபோங்கள். பிடரியைக் கடித்து இழுத்துக்கொண்டு போகும், ஜில் கத்தும், மணிக்கணக்கில் நீடிக்கும். முதல் தடவை பார்ப்பவர் பிரித்துவிடுவார், பிரிக்கக் கூடாது. ஒரு நாள், அதிகபட்சம் இரண்டு நாள் போதும். பின் கழுத்துக் காயத்தை உப்புநீரால் துடைத்து, சீழ் பிடிக்கிறதா என்று தினமும் பாருங்கள். இரண்டு வாரமாகியும் குறி சுருங்கவில்லை என்றால் கருமுட்டை வெளிப்படவில்லை, வளைவாசல் சொன்ன ஆபத்து தொடர்கிறது என்று அர்த்தம்.

சினைக்காலம் 41, 42 நாள். சேர்த்த தேதியை எழுதி வையுங்கள், ஏன் என்றால்: ஒன்றிரண்டு குட்டி மட்டும் இருந்தால் பிரசவ வலி தொடங்காமலே போகலாம். 43ஆம் நாளும் ஈனவில்லையென்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். இதற்கு நேர்மாறாக, குட்டி அதிகமான ஜில் கடைசி வாரத்தில் ஒரு நாள் பட்டினி கிடந்தாலே சினை நச்சுநிலை வரும். சோர்ந்து படுக்கும், கொத்துக் கொத்தாக முடி உதிரும், வேகமாகச் சாகும். கடைசி இரண்டு வாரம் உணவும் நீரும் எந்நேரமும் இருக்க வேண்டும். நீர்க்குழாய் அடைத்துக்கொண்டு ஜில் சாப்பிடாமல் விட்டதும் காரணமாகலாம், பாட்டிலோடு ஒரு கனமான கிண்ணத்திலும் வையுங்கள்.

---

சுருக்குவலை:

மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். ஈனும் பெட்டி எப்படி இருக்க வேண்டும்? குட்டிகளை எந்த நாளிலிருந்து கையில் எடுக்கலாம்? சிலர் முதல் வாரம் தொடவே கூடாது என்கிறார்கள்.

---

வளைவாசல்:

பெட்டி ஏறத்தாழ 45 × 30 செ.மீ., உயரம் 30. நுழைவு ஓட்டையின் விளிம்பு தரையிலிருந்து 12 முதல் 15 செ.மீ. மேலே. முலையைக் கவ்வியபடியே வெளியே இழுபட்டு வரும் குட்டி அந்த விளிம்பில் உதிர்ந்து உள்ளேயே விழும். கூண்டுத் தரையில் விழுந்திருந்தால் இரவிலேயே குளிர்ந்து செத்திருக்கும். துண்டு, கம்பளி, நீள நீளமான வைக்கோல் வேண்டாம். பிறந்தவுடன் ஈரத் தொப்புள்கொடிகள் நாரோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டு நான்கைந்து குட்டி ஒரே கொத்தாகிவிடும், கால் இறுகி அழுகும். நறுக்கிய மெல்லிய வைக்கோல் போதும். ஹாப்பை முன்பே பிரித்துவிடுங்கள். பெட்டி நிழலில் இருக்கட்டும், மே மாத வெயிலில் மூடிய மரப்பெட்டி அடுப்பாகிவிடும், 30 டிகிரிக்கு மேல் ஃபெரட் தாங்காது.

தொடுவது பற்றி: எனக்கு முதல் ஐந்து நாள் வேண்டாம் என்பதே கட்சி. மிரண்ட ஜில், அதுவும் தலைச்சன் ஈத்து என்றால் குட்டியைத் தின்றுவிடும்.

---

கால்நடைத்துணை:

அந்தக் கட்சியில் நான் பாதிதான். இரண்டாம் நாள் ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும், கொத்தாகச் சிக்கியிருந்தால் அப்போதுதான் பிரிக்க முடியும். ஜில்லை அதற்குப் பிடித்த இறைச்சியோடு கூண்டின் மறுகோடிக்கு வரவழைத்து, கையை அதன் படுக்கை வைக்கோலில் தேய்த்துக்கொண்டு பெட்டியைத் திறங்கள், அரை நிமிடம் போதும். உங்கள் ஜில் கைக்கு வருவது, பிரச்சினை இருக்காது. கையைக் கண்டாலே சீறும் ஜில் என்றால் வளைவாசல் சொன்னபடி செய்யுங்கள், ஆனால் அந்த ஜில்லிடம் குட்டி எடுப்பதே தேவையா என்றும் யோசியுங்கள்.

நலமாக இருக்கும் குட்டிகள் வட்டமாகக் குவிந்து அமைதியாகக் கிடக்கும். சிதறிக் கிடந்து ஓயாமல் கத்தினால் பால் இல்லை, அல்லது மடிவீக்கம். முலைக்காம்பைச் சுற்றிச் சூடாகவும் கல்லாகவும் இருக்கும், அன்றே ஆன்டிபயாடிக் வேண்டும். பிறந்தபோது 6 முதல் 12 கிராம், ஐந்தாம் நாள் 30 கிராம், பத்தாம் நாள் 60, இரண்டு வாரத்தில் 100. சமையலறைத் தராசு போதும். இரண்டு நாள் எடை ஏறாத குட்டியைக் கவனியுங்கள். முதல் பத்து நாளில் தாயை இழந்த குட்டியைக் கையால் வளர்ப்பது அநேகமாக நடக்காது, இன்னொரு பாலூட்டும் ஜில்தான் வழி. அதனால்தான் பலர் இரண்டு ஜில்லை ஒரே வாரத்தில் ஈனும்படி சேர்க்கிறார்கள்.

மூன்றாம் வாரத்தில், கண் திறக்கும் முன்பே இறைச்சி நக்கத் தொடங்கும். கண்ணும் காதும் திறக்க ஐந்து வாரமாகும். ஈத்தில் ஐந்துக்கும் குறைவான குட்டி என்றால் பாலூட்டும்போதே, ஈன்ற இரண்டு வாரத்தில், ஜில் மறுபடி பருவத்துக்கு வரலாம். "இப்போதுதானே ஈன்றது" என்று குறியைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள்.

---

மேற்குமலை:

கையாள்வதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், கால் பங்குக் குட்டிக்கு அதுதான் எல்லாம். மூன்றாம் வாரத்திலிருந்து தினம் இரண்டு வேளை, ஒவ்வொன்றையும் தனித்தனியே. இரையைத் தட்டில் வைக்காமல் கையிலிருந்தே நக்க விடுங்கள். கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால் கடித்தது வெல்லும் என்று கற்றுக்கொள்ளும். மூடிய கைமுட்டியைக் காட்டுங்கள், இறுகிய தோலில் பிடி கிடைக்காது. ஆறு வாரத்திலிருந்து 10 செ.மீ. விட்டமுள்ள குழாய்த்துண்டு இரண்டை வைத்து, மறுவாயில் கையில் இறைச்சியோடு காத்திருங்கள். மேலிருந்து பிடரியைக் கவ்வாமல் மார்புக்கடியில் கையைக் கொடுத்து எடுக்க வேண்டும். வளைவாயில் பின்வாங்கும் பழக்கம் வராமல் தடுப்பது இதுதான். மூன்று மாதத்துக்குள் முழு முயல், கோழிக்குஞ்சு, உலர்தீவனம் எல்லாவற்றையும் ருசி காட்டிவிடுங்கள். வாசனையை அந்த வயதில் பதித்துக்கொள்ளும், பின்னால் புதிய உணவைத் தொடாது.

எட்டு வாரத்துக்கு முன் எந்தக் குட்டியையும் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது பிறந்த தேதி, தாய் தகப்பன், போல்கேட் பங்கு, தடுப்பூசி விவரம் எழுதிய ஒரு தாள், ஒரு வாரத்துக்கான பழகிய உணவு. பெண் குட்டி வாங்குபவரிடம் அடுத்த மார்ச்சில் ஜில் ஊசிக்கு எந்த மருத்துவரிடம் போவார் என்று கேளுங்கள், பதில் இல்லாதவருக்கு ஹாப் குட்டி கொடுங்கள்.

---

சுருக்குவலை:

அந்த ஹாப்புக்கு எழுத்தில் எதுவும் இல்லையாம், "பார்த்தாலே தெரியும்" என்கிறார். ஜில் ஊசிக்கு வெள்ளிக்கிழமை நேரம் வாங்கிவிட்டேன்.