லைன் சூப்பர்வைசர்களுக்குப் புதிய தொழிலாளர் சட்டத்தை எப்படிப் புரியவைப்பது?

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். 29 பழைய சட்டங்களுக்குப் பதிலாக வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கின்றன. சம்பளக் கணக்கை நாங்களே பார்த்துக்கொள்வோம். 30,000 சம்பளத்தில் அடிப்படை 12,000, மீதி படிகள் என்றால், படிகளில் மொத்தத்தின் பாதிக்கு மேல் போகும் 3,000, சட்டப்படியான ஊதியக் கணக்கில் சேர்ந்துவிடும். அதை மென்பொருளில் மாற்றினால் போதும்.

கவலையெல்லாம் சூப்பர்வைசர்களைப் பற்றித்தான். ஒருவர் வேலையை விட்டு நின்றால் இரண்டு வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும். ஆனால் ஆள் நின்ற தகவலே மாதக் கடைசியில், வருகைப் பதிவேட்டோடுதான் எங்கள் மேசைக்கு வருகிறது. குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. அதைக் கேட்கும் தொழிலாளியிடம், "அஞ்சு வருஷம் ஆகணும்மா" என்று பழைய பதிலையே சொல்லி அனுப்புகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அது பெரிய தொகை.

ஷிப்ட் மாறும்போது அரை மணி நேரம்தான் கிடைக்கும். தொழிற்சாலைத் தளத்தில் இப்படிப் பயிற்சி நடத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எதிலிருந்து தொடங்கினீர்கள்? எளிய தமிழில் குறிப்போ, இந்தி பேசும் தொழிலாளர்களுக்கான சுவரொட்டியோ இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.