பிராக்: நடைச் சுற்றுலாவைக் கோட்டையில் முடிப்பதா, கோட்டையில் தொடங்குவதா?

கேள்வி: இலந்தை

பிராக் நகரில் இரண்டு நாள். ஞாயிறு காலை போய்ச் சேர்ந்து செவ்வாய் விடியலில் கிளம்ப வேண்டும். கூட வருபவர் அம்மா, வயது 68. சமதரையில் இரண்டு மணி நேரம் நடப்பார். ஏற்றமும் படிகளும் முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளாது.

வழிகாட்டியோடு போகும் நடைச் சுற்றுலாக்களில் இரண்டு வகை கண்ணில் படுகிறது. ஒன்று, "இலவசம்" என்று சொல்லிக் கடைசியில் டிப்ஸ் வாங்கிக்கொள்வது. இரண்டரை மணி நேரம், பழைய நகரம் மட்டும். இன்னொன்று கட்டணச் சுற்றுலா. பழைய நகரில் தொடங்கிச் சார்லஸ் பாலம் வழியாகக் கோட்டையில் முடிகிறது, நான்கு மணி நேரம். கோட்டையையும் வழிகாட்டியோடு பார்க்க ஆசை என்பதால் இரண்டாவதற்கே மனம் சாய்கிறது. சரியா? முன்பணம் கட்டும் முன் என்னவெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்?

பதில்: தடம்22

அந்த நான்கு மணி நேரச் சுற்றுலாவை அம்மாவுக்காகவே தவிர்த்துவிடுங்கள். விலை காரணமல்ல, போகும் திசைதான் காரணம்.

அது நடக்கிற பாதைக்கு "அரச வழி" என்று பெயர். வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கி, செலெட்னா தெரு, பழைய நகரச் சதுக்கம், கார்லோவா தெரு, சார்லஸ் பாலம், மாலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கம், நெருதோவா தெரு, கடைசியில் கோட்டை. பொஹீமிய மன்னர்கள் முடிசூட ஊர்வலமாகப் போன வழி. மொத்தம் சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான். ஆனால் ஆற்றங்கரைக்கும் கோட்டை முற்றத்துக்கும் ஏறக்குறைய 70 மீட்டர் உயர வித்தியாசம். அந்த ஏற்றம் அத்தனையும் கடைசி அரைமணியில், கால் ஓய்ந்த பிறகு வருகிறது. மன்னர்களுக்குக் குதிரை இருந்தது.

இன்னொரு சிக்கல்: இந்த வகைச் சுற்றுலா பெரும்பாலும் கோட்டையின் முற்றங்களோடு நின்றுவிடும். முற்றங்களுக்குள் போக யாருக்கும் கட்டணம் கிடையாது. விளம்பரத்தில் "கோட்டை வளாகம்" என்றிருந்தால் வெளியே நின்று பார்ப்பது என்று பொருள். "கட்டட நுழைவுச்சீட்டு உட்பட" என்று எழுதியிருந்தால்தான் உள்ளே போவீர்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

என் யோசனை, நகரத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வது.

ஞாயிறு: வழிகாட்டியோடு பழைய நகரமும் யூதர் குடியிருப்பான யோசெஃபோவும். எல்லாம் சமதரை. கதைகள் நெருக்கமாகக் கிடக்கும் இடம், வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்துக்கு இங்கேதான் பலன் அதிகம்.

திங்கள்: கோட்டை, காலை 9 மணிக்குக் கட்டடங்கள் திறக்கும்போதே. 22-ஆம் எண் டிராமில் மேலே போய்விடலாம். "பிராஷ்ஸ்கி ஹ்ராட்" நிறுத்தத்தில் இறங்கினால் சற்று நடந்து இரண்டாம் முற்றத்தை நேராக அடையலாம். இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி "பொஹோர்ஜெலெட்ஸ்" வரை போய் இறங்கினால் லொரெட்டா தேவாலயம், ஹ்ரட்சானி சதுக்கம் எல்லாம் பார்த்துக்கொண்டே மெல்லக் கீழ்நோக்கி முன்வாசலுக்கு வரலாம். எந்த வாசலானாலும் பாதுகாப்புச் சோதனை இருக்கக்கூடும். அப்படி இருந்து, பெரிய குழுக்களும் வந்து சேர்ந்துவிட்டால் அந்த வரிசைதான் நேரத்தைத் தின்னும்.

நாளை மாற்றிப் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் புனித வித்துஸ் பேராலயத்தில் வழிபாடு நடப்பதால் நண்பகலுக்குப் பிறகுதான் பார்வையாளர்களை விடுவார்கள். ஞாயிறு காலைக் கோட்டைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டிவிட்டுப் பேராலயத்தின் வெளிச்சுவரை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஏராளம். யோசெஃபோவில் இதற்கு நேர்மாறு: அங்கே சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாள்களும் விடுமுறை. உங்கள் ஞாயிறு-திங்கள் இரண்டுக்கும் பொருந்தி வருகிறது.

கோட்டையின் அடிப்படைச் சீட்டில் நான்கு இடங்கள் அடக்கம்: பேராலயம், பழைய அரண்மனை, புனித ஜார்ஜ் ஆலயம், பொன் சந்து. இரண்டு நாள் செல்லும், ஒவ்வோர் இடத்துக்கும் ஒருமுறை. சீட்டு இல்லாமலும் பேராலயத்தின் மேற்கு முனையில் நின்று பார்க்கலாம். ஆனால் ஓவியர் முஹாவின் வண்ணக் கண்ணாடிச் சன்னலையும் புனித யான் நெபொமுக்கின் வெள்ளிக் கல்லறையையும் அருகில் காண உள்ளே போயாக வேண்டும். தெற்குக் கோபுரத்துக்குத் தனிச் சீட்டு, 287 படிகள், லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு உயரத்திலிருந்து ஊரைக் காட்ட வேண்டுமென்றால் பழைய நகர மன்றக் கோபுரம் இருக்கிறது, அதில் லிஃப்ட் உண்டு.

பதில்: கூழாங்கல்

மேலே சொன்னதில் முக்கால்வாசி சரி. ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும்: முழங்கால் வலிக்கு ஏற்றத்தைவிட இறக்கம் மோசம்.

கோட்டையை மேற்கிலிருந்து கிழக்காகப் பார்ப்பதுதான் இயல்பான வரிசை. பொன் சந்து கிழக்குக் கோடியில். அங்கிருந்து வெளியே வந்தால் எல்லோரும் கிழக்கு வாசல் வழியாகப் பழைய கோட்டைப் படிக்கட்டில் இறங்குவார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நீங்களும் இறங்கிவிடாதீர்கள். நீளமான கற்படிகள், நடுவில் ஒதுங்கி நிற்க அதிக இடம் இருக்காது. நெருதோவா தெருவும் சரிவுதான், அதிலும் கூழாங்கல் பாவியது. மழை பெய்து நனைந்தால் வழுக்கும்.

அதற்குப் பதில் யிர்ஷ்ஸ்கா தெரு வழியாக மறுபடி இரண்டாம் முற்றத்துக்கே வந்துவிடுங்கள். லேசான ஏற்றம்தான். வந்த நிறுத்தத்திலேயே எதிர்த்திசை 22-ஐப் பிடித்து மாலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கத்தில் இறங்கினால் சார்லஸ் பாலம் ஐந்து நிமிட நடை, சமதரை. டிராமிலும் ஒரு நுணுக்கம் உண்டு: சில பழைய பெட்டிகளில் ஏறவே உயரமான படிகள் இருக்கும். நிறுத்தத்து அட்டவணையில் சக்கர நாற்காலிக் குறி போட்ட வண்டி தாழ்தள வண்டி. அடுத்தது அதுவாக இருந்தால் சில நிமிடம் காத்திருப்பதில் தப்பில்லை.

டிக்கெட் விஷயத்தில் அபராதம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் திருட்டுத்தனமாகப் போனவர்கள் அல்ல, முத்திரை குத்த மறந்தவர்கள். காகிதச் சீட்டை டிராமுக்குள் இருக்கும் மஞ்சள் பெட்டியில், முதல்முறை ஏறியவுடன் செருக வேண்டும். மெட்ரோவில் அந்தப் பெட்டி நடைமேடைக்கு இறங்குமுன், நகரும் படிக்கட்டு அருகே இருக்கும். ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான், வண்டி மாறும்போதெல்லாம் குத்தக் கூடாது. டிராமுக்குள் வங்கி அட்டையைத் தொட்டு வாங்கும் சீட்டில் நேரம் அச்சாகியே வரும், அதைக் குத்த வேண்டாம். பரிசோதகர்கள் பெரும்பாலும் சாதாரண உடையில் வருவார்கள்.

பதில்: நாழிகை

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது பற்றி யாரும் சொல்லவில்லை.

டிப்ஸ் சுற்றுலா மட்டம் என்று ஒதுக்க வேண்டாம், நல்ல வழிகாட்டிகள் அங்கேயும் இருக்கிறார்கள். குறை அதன் கணக்கில் இருக்கிறது. தலை கூடக் கூட வருமானம் கூடும் என்பதால் முப்பது பேர் வந்தாலும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். முப்பது பேர் கார்லோவா தெருவின் குறுகலான வளைவுகளில் புகுந்தால் பின்னால் வருபவர் காதில் எதுவும் விழாது, நடையின் வேகமும் முன்வரிசைக்குத்தான். முடிவில் ஆளுக்கு 200 முதல் 300 கொருனா (செக் நாணயம்) கொடுப்பது கண்ணியம். ஆக அது இலவசமும் அல்ல. அம்மாவின் வேகத்துக்கு நடக்க வேண்டுமென்றால் அதிகபட்சம் 10, 12 பேர் என்று எழுத்தில் உறுதி தரும் சுற்றுலாவைப் பாருங்கள். இல்லையேல் இரண்டு மணி நேரத்துக்குத் தனி வழிகாட்டி.

கேட்க வேண்டியவை: குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர், நடுவில் உட்காரவும் கழிப்பறைக்கும் நிறுத்துவார்களா, சரியாக எங்கே முடியும், வழிகாட்டியின் குரலைக் காதில் மாட்டிக் கேட்கும் கருவிப் பெட்டி தருவார்களா. பெட்டி தந்தால் கிளம்புமுன் அலைவரிசை எண்ணும் மின்கலமும் பார்த்துக்கொள்ளுங்கள். மூலை திரும்பி ஒரு கட்டடம் குறுக்கே வந்தால் ஒலி அறுந்துபோகும். அப்படிப் போனாலே நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள் என்று அறிந்துகொள்ளலாம்.

வழிகாட்டியின் தரம் பார்க்க எளிய உரைகல் ஒன்று. பழைய நகர மன்றச் சுவரில் உள்ள வானியல் கடிகாரத்தின் முன் நின்று "இதைச் செய்த ஹனுஷின் கண்களை நகர மன்றத்தார் பிடுங்கிவிட்டார்கள்" என்று சொல்வார்கள். அதோடு நிறுத்தினால் அரைகுறை. அது கட்டுக்கதை, கடிகாரத்தை 1410-ல் செய்தவர் காடான் ஊர் மிக்குலாஷ் என்பதையும் சேர்த்துச் சொன்னால் படித்தவர். அதேபோல் சன்னல் வழியே ஆளைத் தூக்கி எறிந்த கதை. 1419-ல் நடந்தது கீழே, புதிய நகர மன்றத்தில். முப்பதாண்டுப் போருக்குத் திரி கொளுத்தியது 1618-ல் கோட்டையின் பழைய அரண்மனையில். பின்னதில் விழுந்த மூவரும் உயிர் பிழைத்தார்கள். இரண்டையும் குழப்புகிறவரிடம் மற்ற ஆண்டுகளையும் நம்பாதீர்கள்.

கடிகாரத்தில் அப்போஸ்தலர்கள் வரும் காட்சி காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கு ஒருமுறை. எலும்புக்கூடு மணிக்கயிற்றை இழுக்கும், மேலே இரண்டு சன்னல்களில் பன்னிருவரும் வந்து போவார்கள், கடைசியில் சேவல் கூவும். ஒரு நிமிடம்கூட நீடிக்காது. எல்லோரும் அண்ணாந்து கைப்பேசியைத் தூக்கியிருக்கும் அந்த ஒரு நிமிடம்தான் பிக்பாக்கெட்காரர்களுக்கு அறுவடை. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். காட்சி முடிந்து கூட்டம் கலைந்ததும் மன்றத்தின் கிழக்குச் சுவரை ஒட்டித் தரையைப் பாருங்கள்: 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். 1621 ஜூன் 21-ல் அங்கே தலையிழந்த, தூக்கிலிடப்பட்ட 27 பேருக்காக. சேவலுக்கு வந்த கூட்டத்தில் பாதி அவற்றை மிதித்துக்கொண்டுதான் நிற்கும்.

பதில்: நிழல்குடை

யோசெஃபோவ் பற்றி இரண்டு வரி. பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில் நாஜிகள் கொன்ற பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறக்குறைய 80,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. அங்கே சத்தமாக விளக்குவதை விரும்ப மாட்டார்கள். நல்ல வழிகாட்டி சொல்ல வேண்டியதை வாசலிலேயே சொல்லிவிட்டு உங்களை மௌனமாக விட்டுவிடுவார். அடுத்து வரும் பழைய கல்லறைத் தோட்டம் மேடும் பள்ளமுமாக இருப்பதற்குக் காரணம், விரிவாக்க நிலம் கிடைக்காமல் மேலே மேலே மண் கொட்டிப் புதைத்தது. கண்ணுக்குத் தெரியும் கற்கள் சுமார் 12,000, கடைசி அடக்கம் 1787-ல். நடைபாதை குறுகல், அம்மாவுக்குக் கைபிடிக்க ஆள் தேவை. ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும், ஒரு தொப்பி எடுத்துப் போங்கள்.

பணம்: யூரோ வாங்கும் கடைகள் உண்டு, ஆனால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான். கொருனாவிலேயே கொடுங்கள். அட்டை இயந்திரமோ ஏடிஎம்மோ "உங்கள் நாட்டு நாணயத்தில் கழிக்கட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். "கமிஷன் 0%" என்று பலகை வைத்த மாற்றுக்கடையில் நட்டம் விகிதத்தில் ஒளிந்திருக்கும். ஏமாந்துவிட்டாலும் வழி உண்டு: 1,000 யூரோ மதிப்பு வரையான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் ரசீதைக் காட்டி ரத்து செய்யச் செக் சட்டம் உரிமை தருகிறது. ரசீதைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். தெருவில் நின்று மாற்றித் தருகிறேன் என்பவரிடம் வாயே கொடுக்காதீர்கள், கைக்கு வருவது வேறு நாட்டுச் செல்லாத நோட்டாக இருக்கும்.

மறுமொழி: இலந்தை

மிக்க நன்றி. ஞாயிறு பழைய நகரம், யோசெஃபோவ். திங்கள் 9 மணிக்குக் கோட்டை என்று முடிவாகிவிட்டது. ஒரே ஒரு சந்தேகம்: அப்படியானால் சார்லஸ் பாலத்தைத் திங்கள் மதியம் கடக்க வேண்டியிருக்கும். கூட்டம் எப்படி? கோட்டைக்கு வழிகாட்டி தேவையா?

பதில்: தடம்22

பாலத்துக்கு மதியம் மோசமான நேரம். 516 மீட்டர் நீளம் இருந்தாலும் அகலம் பத்து மீட்டருக்குள். ஓவியர்களும் நினைவுப்பொருள் வண்டிகளும் போக நடக்கக் கிடைப்பது இன்னும் குறைவு. விடுதி பழைய நகரப் பக்கம் என்றால் திங்கள் காலை 7 மணிக்கே பாலத்தை நடந்து கடந்துவிடுங்கள். மறுகரையில் மாலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கத்தில் காலை உணவு, அங்கேயே 22-இல் ஏறினால் 9 மணிக்குள் மேலே. திரும்பும்போது பாலத்தைத் தொடவே வேண்டாம், டிராமிலேயே ஆற்றைக் கடந்து நரோத்னி திவாத்லோ நிறுத்தம் வரை வந்து இறங்கலாம். சிலைகள் மொத்தம் 30. எல்லாவற்றிலும் பழையது 1683-ல் வைத்த நெபொமுக் சிலை, பழைய நகரத்திலிருந்து போனால் வலப்பக்கம். கல்லில் செதுக்கிய பல சிலைகள் நகல்கள்தான், மூலங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன.

கோட்டைக்கு வழிகாட்டி கட்டாயமில்லை. அங்கே கிடைக்கும், விளக்கம் சொல்லும் ஒலிக்கருவி (ஆடியோ கைடு) போதும், அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து கேட்கலாம்.

பதில்: கூழாங்கல்

ஒலிக்கருவி எடுத்தால் வாங்கிய இடத்திலேயே திருப்பித் தர வேண்டும், அதற்காகவாவது கிழக்கு வாசல் பக்கம் போக மாட்டீர்கள். 12 மணிக்கு முதல் முற்றத்தில் காவலர் மாற்றம் இசையோடு நடக்கும். அதைப் பார்க்கக் கூடும் கூட்டம் அப்படியே பேராலயத்துக்குள் திரும்பும். ஆகையால் திறந்தவுடன் நேரே பேராலயம், பிறகு பழைய அரண்மனை, புனித ஜார்ஜ், பொன் சந்து. முஹா சன்னல் உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் மூன்றாவது சிற்றாலயத்தில்.